கல்லும் குடியும்: ஆசியப் பாரம்பரியத் தலங்களைக் காப்பதில் ஊராரின் பங்கு

ஆசியாவின் பாரம்பரியத் தலங்களில் மிகப் பல இன்றும் ஆள் புழங்கும் இடங்கள். காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் பழைய சதுக்கங்களில் காலைச் சந்தை கூடுகிறது. அங்கோரின் கோயில்களுக்கு நடுவே நெல் விளைகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் பிரதோஷத்தன்று நந்தியைச் சுற்றிக் கூட்டம் நெரிகிறது. பிலிப்பைன்ஸின் இபுகாவ் மலைச்சரிவில் வயலே நினைவுச்சின்னம். இத்தகைய இடங்களில் கல்லையும் மரத்தையும் பழுதுபார்ப்பது பாதி வேலைதான். அங்கே யார் வாழலாம், எதை மாற்றலாம், வரும் வருமானம் யாருக்குச் சேரும், திருப்பணி யார் கையில் இருக்கும் என்பவற்றை முடிவுசெய்வதே மறுபாதி. பெரும்பாலும் கடினமான பாதியும் அதுதான்.

இந்த முடிவுகளில் உரிமை கோரும் தரப்புகள் ஒன்றிரண்டல்ல. தொல்லியல் துறை, நகராட்சி, கோயில் அல்லது மட நிர்வாகம், பரம்பரைப் பணியாளர், தச்சரும் கொத்தரும், வீட்டுக்காரர், வாடகைக்கு இருப்போர், கடைக்காரர், சுற்றுலாத் தொழில், யுனெஸ்கோ, நிதி தரும் வெளிநாடுகள், வழிபட வரும் மக்கள் என்று பட்டியல் நீளும். சுவரின் பழைய சாந்து அப்படியே இருக்கவேண்டும் என்பது தொல்லியலாளரின் கவலை. திருவிழாவுக்கு முன் அந்தச் சுவருக்கு வெள்ளையடிக்கவேண்டும் என்பது கோயிலாரின் கவலை. மழை ஒழுகும் கூரைக்கு அனுமதி எப்போது வரும் என்பது குடியிருப்பவரின் கவலை. மூன்றுமே நியாயமானவை. இவற்றுக்குள் எதற்கு முதலிடம் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம், கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் பெரும்பாலும் அரசுத் துறைகளிடமே இருந்துவந்திருக்கிறது.

அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. இந்தியத் தொல்லியல் துறை 1861இல் தோன்றியது. பழைய நினைவுச்சின்னங்களுக்கான பாதுகாப்புச் சட்டம் 1904இல் வந்தது. ஜாவாவின் போரோபுதூரை 1907 முதல் 1911 வரை முதன்முறையாகச் சீரமைத்தவர் டச்சுப் பொறியாளர் தியோடர் வான் எர்ப். இந்தோசீனாவில் பிரெஞ்சு அறிஞர்கள் அங்கோரைக் காடு நீக்கி மீட்டனர். அவர்கள் செய்த பணி பெரிது. அழிந்திருக்கக்கூடிய பலவற்றை அவர்கள் காப்பாற்றினார்கள். ஆனால் அவர்கள் கண்ணில் நினைவுச்சின்னம் என்பது முடிந்துபோன ஒரு காலத்தின் சான்று. அதைச் சுற்றி வாழ்ந்தவர்கள் அதற்கு ஆபத்து விளைவிப்பவர்கள். வேலி போட்டு, காவலர் வைத்து, நுழைவுச்சீட்டுக் கொடுக்கும் முறை அங்கிருந்து வந்தது. காலனி ஆட்சி போன பிறகும் அந்தப் பார்வை துறைகளுக்குள் தங்கிவிட்டது.

உலக அளவிலான கொள்கை மெதுவாகவே மாறியது. 1964இன் வெனிஸ் சாசனம் பொருளின் மூலத்தன்மையை மையமாக வைத்தது. பழைய கல், பழைய மரம் என்பதே அதன் அளவுகோல். மரத்தால் கட்டி, தலைமுறைக்குத் தலைமுறை புதுப்பிக்கும் ஆசிய மரபுகளுக்கு இது பொருந்தவில்லை. ஜப்பானின் இசே ஆலயம் 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டப்படுகிறது. 2013இல் நடந்தது 62ஆவது முறை. அங்கே பழமை மரத்தில் இல்லை, செய்முறையில் இருக்கிறது. 1994இல் ஜப்பானின் நாராவில் உருவான ஆவணம், மூலத்தன்மையை அந்தந்தப் பண்பாட்டின் அளவுகோலால் மதிப்பிடவேண்டும் என்று ஏற்றது. 2007இல் உலகப் பாரம்பரியக் குழு தன் அடிப்படை நோக்கங்களில் சமூகங்களின் பங்கை ஐந்தாவதாகச் சேர்த்தது. உலகப் பாரம்பரிய உடன்படிக்கை 1972இல் நிறைவேறியது என்பதை நினைத்தால், அங்கே வாழும் மனிதர்கள் நோக்கங்களின் வரிசைக்குள் வர 35 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

குத்தி: ஒரு பள்ளத்தாக்கின் பராமரிப்பு முறை

ஊராரின் பங்கு என்பதற்குத் திட்டவட்டமான உருவம் உள்ள இடங்களில் காத்மாண்டுப் பள்ளத்தாக்கு முதன்மையானது. காத்மாண்டு, பாட்டன், பக்தபூர் ஆகிய மூன்று அரண்மனைச் சதுக்கங்கள், சுயம்பு, பௌத்தநாத் தூபிகள், பசுபதிநாதர், சாங்கு நாராயணர் கோயில்கள் என ஏழு பகுதிகள் சேர்ந்து 1979இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. இவற்றைப் பல நூற்றாண்டுகள் நிலைநிறுத்திய அமைப்பு குத்தி. லிச்சவி மன்னர் காலத்து வழக்கமான கோஷ்டியிலிருந்து வளர்ந்த இதன் அடிப்படை எளியது. ஒருவர் கோயிலோ தங்குமடமோ நீர்த்துறையோ கட்டும்போது, அதன் பராமரிப்புக்கு நிலமும் எழுதிவைப்பார். நிலத்தின் விளைச்சலைக் கொண்டு ஒரு குழு வழிபாட்டையும் பழுதுபார்ப்பையும் நடத்தும். உறுப்பினர் உரிமை தந்தைக்குப் பின் மகனுக்கு வரும். முறை வரும் ஆண்டில் அந்தக் குடும்பம் செலவையும் விருந்தையும் பொறுப்பேற்கும்.

இந்த ஏற்பாடு தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயிலில் நந்தாவிளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள் இடையரிடம் ஒப்படைக்கப்பட்டு, நாள்தோறும் நெய் அளக்கும் கடமை அவர் வழியினர் மீது வைக்கப்பட்டதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. ஆடு குறையக்கூடாது என்பதால் அவை சாவா மூவாப் பேராடுகள். கட்டடத்தோடு அதைப் பேணும் வருமானத்தையும், வருமானத்தோடு பொறுப்பேற்கும் ஆளையும் சேர்த்தே ஏற்பாடு செய்தார்கள். இன்றைய பாதுகாப்புத் திட்டங்கள் பலவற்றில் விடுபட்டுப்போகிற இணைப்பு இதுதான்.

நேபாளத்தில் குத்திகள் செய்யும் வேலைகள் வியக்கத்தக்க அளவு நுணுக்கமாகப் பிரிந்தவை. பாட்டனின் ராதோ மச்சிந்திரநாத் தேரை ஆண்டுதோறும் புதிதாகக் கட்டவேண்டும். சக்கரத்தையும் சட்டத்தையும் பொருத்துவது பாராஹி எனும் தச்சர் பிரிவு. மரத்தையும் பிரம்பையும் கொடியால் வரிந்து, ஏறத்தாழ 60 அடி உயரக் கோபுரத்தை எழுப்புவது யங்வால் பிரிவு. தேர் ஓடும்போது சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துத் திருப்புபவர் இன்னொரு பிரிவு. ஆணி அடித்து முடித்துவிடும் வேலையன்று. ஒவ்வோர் ஆண்டும் முதலிலிருந்து செய்தாகவேண்டும். அதனால் கைப்பழக்கம் தப்புவதில்லை. தேர் கட்டும் கை, கோயில் கூரையையும் கட்டத் தெரிந்த கையாகவே இருக்கிறது.

இந்த அமைப்பின் பொருளாதார அடித்தளம் 1964இல் ஆட்டம் கண்டது. நிலச்சீர்திருத்தமும், குத்தி நிறுவனம் எனும் அரசு அமைப்பும் அந்த ஆண்டில் வந்தன. பெரும் அறக்கட்டளை நிலங்கள் அரசு நிறுவனத்தின் கீழ்ச் சென்றன. குத்தகை அளவு குறைத்து நிர்ணயிக்கப்பட்டது; விலைவாசி ஏற ஏற அந்த வருமானத்தின் மதிப்பு தேய்ந்தது. நிலம் கைமாறியது, ஆவணங்கள் தொலைந்தன. பல குத்திகள் விளக்குக்கு எண்ணெய் வாங்கவே உறுப்பினரிடம் பணம் பிரிக்கும் நிலைக்கு வந்தன. கூரை ஓடுகளை ஆண்டுதோறும் பார்த்துவந்த ஏற்பாடு நலிந்தபோது, ஓட்டு இடுக்கில் முளைத்த செடியைப் பிடுங்க ஆளில்லாமல் போனது. மரக் கட்டடத்துக்கு அதுவே முதல் கேடு. செடியின் வேர் வழி நீர் இறங்கும். நீர் இறங்கினால் உத்தரத்தின் முனை உளுக்கும்.

2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவிலான நிலநடுக்கம் நேபாளத்தைத் தாக்கியது; ஏறத்தாழ 9,000 பேர் இறந்தனர். காத்மாண்டு நகருக்குப் பெயர் தந்த காஷ்டமண்டபம் அடியோடு சரிந்தது. அப்போது அங்கே இரத்ததான முகாம் நடந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்தவர்களில் பலர் மாண்டனர். இடிபாடுகளை அகற்ற அவசரமாக இயந்திரங்கள் வந்தன. பிறகு நேபாளத் தொல்லியல் துறையும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் நடத்திய அகழாய்வு இரண்டு உண்மைகளை வெளிக்கொணர்ந்தது. 12ஆம் நூற்றாண்டினது என்று கருதப்பட்ட மண்டபத்தின் அடித்தளம் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஒன்பது அறைகளாகப் பிரிந்த மண்டல அமைப்பில் உறுதியாகக் கட்டப்பட்டு, நிலநடுக்கத்துக்குப் பின்னும் சிதையாமல் இருந்தது. மாறாக, மேலே நின்ற நான்கு பெருந்தூண்களில் ஒன்று, பிற்காலத்துப் பழுதுபார்ப்பின்போது அதன் தாங்குகல்லின் குழியில் பொருத்தப்படாமல் விடப்பட்டிருந்தது. பழைய தச்சரின் வேலையில் பிழை இல்லை. அந்த அறிவு அறுந்த காலத்துப் பழுதுபார்ப்பில்தான் பிழை இருந்தது.

அதே நாளில் பாட்டனில் நடந்தது வேறு. சதுக்கத்தில் கோயில்கள் சரிந்த சில மணி நேரத்தில் அக்கம்பக்கத்தார் கூடினார்கள். காவலரோடும், 1991 முதல் அங்கே பணியாற்றிவரும் காத்மாண்டுப் பள்ளத்தாக்குப் பாதுகாப்பு அறக்கட்டளையின் பணியாளரோடும் வரிசையாக நின்று, செதுக்கிய தாங்குகட்டைகளையும் தூண்களையும் கைமாற்றி அரண்மனை வளாகத்துக்குள் அடுக்கினார்கள். பின்னர் அந்த மரங்களை ஒவ்வொன்றாக இனங்கண்டு, பழுதான பகுதியை மட்டும் நீக்கி, புது மரம் ஒட்டி, பழைய இடத்திலேயே ஏற்ற முடிந்தது. முதல் சில மணி நேரத்தில் அங்கே நின்றவர்கள் யார் என்பதே மீட்பின் தரத்தைத் தீர்மானித்தது.

மறுகட்டுமானத்தில் மூன்று பாதைகள் தெளிவாகப் பிரிந்தன. பௌத்தநாத் தூபியின் சிகரம் பௌத்த அமைப்புகளும் பக்தர்களும் தந்த பணத்திலும் பொன்னிலும் எழுந்து, 2016 நவம்பரில், நிலநடுக்கம் நடந்த 19 மாதங்களுக்குள் முடிந்தது. 1670இல் மன்னர் பிரதாப மல்லர் வெட்டிய ராணி போக்ரிக் குளமோ ஒப்பந்தப்புள்ளி வழியில் சென்றது. குளத்தின் பழைய களிமண் படுகையும் செங்கலும் இருந்த இடத்தில் நகராட்சியின் ஒப்பந்தக்காரர் கான்கிரீட் போடத் தொடங்கினார். ஊரார் எதிர்த்தனர், வேலை நின்றது. பல மாதப் போராட்டத்துக்குப் பின் பழைய முறையிலேயே கட்டுவதென்று முடிவானது. குளத்தின் அடியில் கரிய களிமண்ணைப் பரப்பி, அடித்து இறுக்கி, நீர் கசியாத படுகை அமைக்கும் வேலையைச் செய்ய பக்தபூரிலிருந்து பெண்கள் வந்தார்கள். பொறியாளர் வரைபடத்தில் இல்லாத திறமை அவர்கள் கையில் இருந்தது. 2020 அக்டோபரில் குளம் திறக்கப்பட்டது.

மூன்றாவது பாதை பக்தபூரினுடையது. அங்கே நகராட்சி பெரும்பாலான திருப்பணிகளை வெளி ஒப்பந்தக்காரருக்கு விடுவதில்லை. அந்தந்தத் தெருவார் பயனாளர் குழு அமைத்து, நகராட்சிப் பணத்தில் வேலையை நடத்தி, கணக்கும் காட்டவேண்டும். பணத்தின் ஒரு பகுதி நகருக்குள் நுழையும் வெளிநாட்டுப் பயணிகள் செலுத்தும் கட்டணத்திலிருந்து வருகிறது. 1702இல் பூபதீந்திர மல்லர் எழுப்பிய ஐந்தடுக்கு நியாதபோலா கோயில் 1934, 2015 நிலநடுக்கங்களைத் தாங்கியது. சேதமடைந்த அதன் மேலடுக்கு இந்த முறையில்தான் சீரானது. நிலநடுக்கத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் ஜெர்மன் அரசு முன்வந்து தந்த பெருந்தொகையை பக்தபூர் நகராட்சி ஏற்க மறுத்தது. வெளி ஆலோசகர், ஒப்பந்தப்புள்ளி ஆகிய நிபந்தனைகள் தன் முறைக்கு ஒவ்வாதவை என்பது அதன் வாதம். இதே ஜெர்மனியின் உதவியோடு 1974 முதல் 1986 வரை நடந்த பக்தபூர் வளர்ச்சித் திட்டம் நகரின் முகத்தையே மீட்டது என்பதைக் கருதினால், இந்த மறுப்பு நன்றிகெட்ட செயலாகச் சிலருக்குத் தோன்றலாம். உண்மையில் அது அந்தத் திட்டம் ஊன்றிய விதையின் விளைவு. இடைப்பட்ட காலத்தில் நகரத்தார் தம் கையால் வேலை நடத்தக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

காஷ்டமண்டபத்தையும் எஃகும் சிமென்டும் கொண்டு, குறைந்த விலை கேட்பவரிடம் ஒப்படைக்கும் யோசனை எழுந்தபோது குடிமக்கள் இயக்கம் அதை எதிர்த்தது. நீண்ட இழுபறிக்குப் பின் உள்ளூர்க் குழுவின் மேற்பார்வையில், சால மரத்தில், மரபு முறையில் மண்டபம் எழுந்து 2022இல் முடிந்தது. குறைந்த விலைக்கு வேலை எடுப்பவர் என்ற கொள்முதல் விதி சாலைக்கும் சாக்கடைக்கும் பொருந்தலாம். பொருத்துக்கழி செதுக்கும் தச்சரைத் தேர்ந்தெடுக்க அது உதவாது. ஆசியா முழுவதும் பாரம்பரியக் கட்டடங்களுக்கு நேர்ந்த சேதத்தில் இந்த ஒரு விதியின் பங்கு பெரிது. அதைப் பற்றிய பேச்சோ மிகச் சிறிது.

ஆக்கிரமிப்பாளர் ஆக்கப்பட்ட குடிகள்

ஊராரை விலக்கிப் பாதுகாக்க முயன்றதற்குக் கர்நாடகத்தின் ஹம்பி ஓர் உதாரணம். விஜயநகரத் தலைநகரின் இடிபாடுகள் 1986இல் உலகப் பட்டியலில் சேர்ந்தன. ஆனால் ஹம்பி முழுவதும் இடிபாடன்று. விரூபாட்சர் கோயிலில் வழிபாடு நடக்கிறது, தேர் ஓடுகிறது. கோயிலுக்கு எதிரே நீளும் தேர்வீதியின் கல்மண்டபங்களில் மக்கள் பல பத்தாண்டுகளாக வீடும் கடையும் வைத்து வாழ்ந்துவந்தனர். 2011 ஜூலை இறுதியில், மிகக் குறுகிய அவகாசத்தில், மண்அள்ளும் இயந்திரங்கள் கொண்டு அவை இடிக்கப்பட்டன. முன்னூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. கத்திராம்புரத்தில் மாற்று மனை என்ற ஏற்பாடு நிறைவேற நெடுங்காலம் ஆனது. மண்டபத் தூண்களுக்கு இடையே செங்கல் சுவர் எழுப்பியது கல்லுக்குக் கேடுதான். ஆயினும் விஜயநகரக் காலத்திலும் அது கடைவீதியாகவே இருந்தது. அந்த வீதியை வெறும் தூண்களின் வரிசையாக்கியதை மீட்பு என்று சொல்வது கடினம்.

அதே ஹம்பியில் எதிர்ப்புறத்து அனுபவமும் உண்டு. துங்கபத்திரையின் அக்கரையில் ஆனேகுந்தி மக்கள் தலைமுறைகளாகப் பரிசலில் ஆற்றைக் கடந்தனர். அவர்களுக்குப் பாலம் தேவைப்பட்டது. தலத்தின் தோற்றத்தைக் கெடுக்கும் வகையில் தொங்குபாலங்கள் எழுந்ததால், 1999இல் யுனெஸ்கோ ஹம்பியை அபாயத்தில் உள்ள சின்னங்களின் பட்டியலில் வைத்தது. 2006 வரை அது அங்கேயே இருந்தது. பாதி நின்ற பாலம் 2009 ஜனவரியில் இடிந்து விழுந்து தொழிலாளர்கள் உயிரிழந்தனர். பாலம் எங்கே அமையலாம் என்ற கேள்வியைத் தொல்லியலாளர், பொறியாளர், ஊரார் மூவரும் கட்டுமானத்துக்கு முன்பே ஒரு மேசையில் பேசியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய இழப்பு இது.

கம்போடியாவின் அங்கோர் இதைவிடப் பெரிய அளவில் அதே சிக்கலைக் காட்டுகிறது. சுமார் 400 சதுர கி.மீ. பரப்புள்ள பூங்காவுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழ்கின்றனர். 1992இல் அபாயப் பட்டியலோடு சேர்ந்தே உலகப் பட்டியலில் இடம்பெற்ற அங்கோருக்கு, பிரான்சும் ஜப்பானும் இணைந்து தலைமையேற்கும் பன்னாட்டு ஒருங்கிணைப்புக் குழு 1993இலும், அப்சரா எனும் தேசிய ஆணையம் 1995இலும் அமைந்தன. கல் மீட்பில் அந்தக் கூட்டுமுயற்சி உலகுக்கே முன்மாதிரி. 2004இல் அபாயப் பட்டியலிலிருந்து அங்கோர் நீங்கியது. உள்ளே வாழும் விவசாயியின் உரிமை மட்டும் தெளிவாகவில்லை. 2022 முதல் ஏறத்தாழ பத்தாயிரம் குடும்பங்களை ருன் தா ஏக் உள்ளிட்ட புது இடங்களுக்கு மாற்றும் பணி வேகம் பெற்றது. மக்கள் விரும்பியே செல்கிறார்கள் என்றது அரசு. மிரட்டலும் அழுத்தமும் இருந்ததாக ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் 2023இல் அறிக்கை வெளியிட்டது. அங்கோரின் பழைய நீர்த்தேக்கங்களின் கரையில் நெல் விளைப்பவர்கள் அந்த நீர்மேலாண்மை நாகரிகத்தின் வழிவந்தவர்கள். அவர்களை வெளியேற்றினால் எஞ்சுவது கோயில்களின் தொகுப்பு மட்டுமே.

தாமே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு

ஜப்பானின் ஷிராகவா கிராமத்தைச் சேர்ந்த ஓகிமாச்சி குடியிருப்பில் கட்டுப்பாடு மேலிருந்து வரவில்லை. கூப்பிய கைகள் போன்ற செங்குத்தான புல்வேய்ந்த கூரையும், மேல்மாடிகளில் பட்டுப்புழு வளர்த்த பரப்பும் கொண்ட வீடுகள் அங்கே உண்டு. அணைகள் எழுந்து அண்டைக் குடியிருப்புகள் நீரில் மூழ்கியதையும், வீடுகள் விலைபோய் வேறிடங்களுக்குப் பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டதையும் பார்த்த மக்கள் 1971இல் ஒரு சங்கம் அமைத்தனர். விற்கக்கூடாது, வாடகைக்கு விடக்கூடாது, இடிக்கக்கூடாது என்று தீர்மானித்தனர். தேசியச் சட்டம் கட்டடத் தொகுதிகளைக் காக்கும்படி திருத்தப்பட்டது அதற்குப் பிறகு, 1975இல்தான். அந்தச் சட்டமும் முதலில் ஊராட்சி தன் பகுதியை வரையறுத்துக் கேட்கவேண்டும், பின்னரே அரசு தேர்ந்தெடுக்கலாம் என்று வரிசைப்படுத்தியது. 1976இல் தேசிய அங்கீகாரமும் 1995இல் உலக அங்கீகாரமும் வந்தபோது, ஊரின் விதி ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது.

அங்கே கூரை மாற்றுவது யூய் எனும் முறையில் நடக்கும். முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை போலப் புல்லை மாற்றவேண்டும். அந்த நாளில் ஊரே திரளும். நூறு இருநூறு பேர் கூரைமீதும் கீழுமாக நின்று ஓரிரு நாளில் முடிப்பார்கள். கூலி கிடையாது, இன்று வந்தவர் கூரைக்கு நாளை இவர் போவார். தமிழகச் சிற்றூர்களில் கைமாற்றாக வேலை செய்த பழைய வழக்கத்துக்கு இது நெருக்கமானது. கிராமத்தில் முதியோர் பெருகிவிட்டதால் இப்போது பல கூரைகளைக் கூலிக்கு வரும் தொழிலாளர் வேய்கின்றனர். அரசு மானியம் உதவுகிறது. வாகன நிறுத்தக் கட்டணத்தைப் பாதுகாப்புக்குத் திருப்பும் அறக்கட்டளை 1997 முதல் இயங்குகிறது. கூட்டுழைப்பு குறைந்த இடத்தைப் பணம் நிரப்புகிறது. ஆனால் அந்தப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதில் ஊருக்குச் சொல் இருக்கிறது.

இபுகாவ் மலைவயல்களின் நிலை இதைவிட நொய்மையானது. 1995இல் ஐந்து தொகுதிகள் பட்டியலில் சேர்ந்தன. மேலே முயோங் எனும் குடும்பக் காடு நீரைப் பிடித்துவைக்கும். கால்வாய் வழி நீர் படிப்படியாக இறங்கும். ஆண்டுக்கு ஒரே விளைச்சல் தரும் தினாவோன் நெல் விளையும். கல்வரப்பு சரிந்தால் அன்றே அடுக்கவேண்டும், இல்லையென்றால் கீழ்வயலும் சேர்ந்து போகும். இளைஞர் வேலைக்கு நகரம் சென்றதால் வயல்கள் தரிசாயின. 2001இல் பிலிப்பைன்ஸ் அரசே கேட்டு அபாயப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது, 2012இல் நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் உள்ளூர் இயக்கமான சிட்மோ கால்வாய் சீரமைப்பையும், அறுவடைப் பாடலான ஹுதுஹுதை இளையோருக்குக் கற்றுத்தருவதையும் ஒரே வேலையின் இரு பக்கங்களாக நடத்தியது. தொல்லியலாளர் ஸ்டீபன் அகபாடோ ஊராருடன் சேர்ந்து நடத்திய அகழாய்வு, இரண்டாயிரம் ஆண்டுப் பழமை என்று பாடநூல்கள் சொன்ன நெல்வயல்கள் ஸ்பானியர் வருகைக்குப் பின் விரிந்தவை என்ற முடிவுக்கு வந்தது. தாழ்நிலத்து ஸ்பானிய ஆட்சிக்கு அடங்காமல் மலையேறியவர்கள் கட்டியவை என்ற இந்த விளக்கம், பழமையைக் குறைத்தாலும் மக்களின் பெருமையைக் குறைக்கவில்லை. தலத்தின் வரலாற்றை எழுதுவதிலும் ஊராருக்குப் பங்கு உண்டு என்பதற்கு இது நல்ல சான்று.

வாடகை, வழிபாடு, வருமானம்

பினாங்கின் ஜார்ஜ் டவுன் 2008இல் மலாக்காவோடு சேர்ந்து பட்டியலில் இடம்பெற்றது. சீனக் குலங்களின் படகுத்துறைகள், சூலியா தெருவின் தமிழ் முஸ்லிம் மரபு, 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் எனப் பல மக்களின் வாழ்க்கை ஒரு சதுர மைலுக்குள் பின்னிக்கிடப்பதே அதன் தகுதி. ஆனால் பட்டியலில் சேரும் முன்பே பெரிய சேதம் நடந்துவிட்டது. போருக்கு முந்திய வீடுகளின் வாடகையைக் கட்டுப்படுத்திய சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, 2000 ஜனவரியில் முழு விளைவும் தெரிந்தது. வாடகை பலமடங்கு ஏறியது. பல தலைமுறையாகக் கடைவீட்டில் இருந்த கைவினைஞர் குடும்பங்கள் வெளியேறின. காலியான வீடுகள் சில உழவாரக் குருவிக் கூடுகளுக்கான பண்ணைகளாயின. ஈரமும் எச்சமும் சுவரை அரித்தன. சில உணவகங்களாயின. முகப்பைக் காக்கும் விதிகள் எல்லாம் இருந்தன. உள்ளே இருந்தவரைக் காக்கும் விதி இல்லை. பாதுகாப்புச் சட்டத்தைவிட வாடகைச் சட்டம் ஒரு பாரம்பரிய நகரின் விதியை அதிகம் தீர்மானிக்கும் என்பதைத் திட்டமிடுவோர் இன்னும் போதிய அளவு உணரவில்லை. வியட்நாமின் ஹோய் ஆன் வேறு வழியை முயன்றது: நுழைவுச்சீட்டு வருமானத்தின் ஒரு பகுதி தனியார் வீடுகளின் பழுதுபார்ப்புக்கு மானியமாகச் செல்கிறது. இதனால் வீட்டுக்காரருக்கு விற்றுவிட்டுப் போகாமல் இருக்க ஒரு காரணம் கிடைக்கிறது.

வழிபாட்டுத் தலங்களில் சிக்கல் வேறு வகையானது. கண்டி தலதா மாளிகை 1998 ஜனவரியில் குண்டுவெடிப்பில் சேதமுற்றபோது, சிதைந்ததைச் சான்றாக அப்படியே விடுவதா, பழையபடி எழுப்புவதா என்ற கேள்விக்குப் பௌத்த சங்கமும் வழிபடுவோரும் தந்த பதிலே முடிவாயிற்று. அந்தப் பணியில் ஈடுபட்ட இலங்கைப் பாதுகாப்பு வல்லுநர் காமினி விஜேசூரியா, பின்னர் ரோமில் உள்ள இக்ரோம் நிறுவனத்தில் வாழும் மரபு என்ற அணுகுமுறையை வளர்த்தார். தஞ்சைப் பெரிய கோயிலிலோ கட்டடம் இந்தியத் தொல்லியல் துறையிடமும், வழிபாடு அரண்மனை தேவஸ்தானத்திடமும், மேற்பார்வை மாநில அறநிலையத் துறையிடமும் உள்ளன. 1997 குடமுழுக்கின் யாகசாலைத் தீயில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மறு குடமுழுக்கு 23 ஆண்டுகள் கழித்து, 2020 பிப்ரவரியில்தான் நடந்தது. எந்த மொழியில் நடத்துவது என்ற வழக்கில் தமிழ், சமஸ்கிருதம் இரண்டிலும் நடக்கட்டும் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஏற்றது. வழிபடும் மக்கள் தம் தரப்பைச் சொல்ல நீதிமன்றம் போகவேண்டியிருந்தது என்பதே, மூன்று நிர்வாகங்களுக்கு நடுவே அவர்களுக்கென்று ஓர் இருக்கை இல்லாததைக் காட்டுகிறது.

ஊருக்குள் உள்ள வேற்றுமை

ஊரார் என்ற ஒரே சொல்லுக்குள் ஏற்றத்தாழ்வுகள் பல மறைந்திருக்கின்றன. 2019இல் நேபாள அரசு எல்லாக் குத்திகளையும் ஓர் ஆணையத்தின் கீழ்க் கொண்டுவரும் மசோதாவை முன்வைத்தபோது, ஜூன் மாதத்தில் குத்திகளை நடத்திவரும் நேவார் மக்கள் பல்லாயிரம் பேர் காத்மாண்டு வீதிகளில் திரண்டனர். அரசு மசோதாவைத் திரும்பப் பெற்றது. பாரம்பரியத்தைக் காக்க ஆசியாவில் நடந்த மிகப் பெரிய மக்கள் எழுச்சிகளில் இது ஒன்று. ஆனால் குத்தி நிலத்தை உழுதுவந்த குத்தகைதாரர்களுக்கு அந்த மசோதாவில் ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. பல தலைமுறையாக உழும் நிலத்தில் உரிமைப் பத்திரம் கிடைக்கும் என்று நம்பியிருந்தவர்கள் அவர்கள். கோயிலின் விளக்கு எரிய வேண்டிய வருமானமும் உழவரின் நிலவுரிமையும் ஒரே வயலின்மீது மோதுகின்றன. மசோதா போனபின் அந்த மோதல் தீரவில்லை. பழைய நிலைக்குத் திரும்பியது, அவ்வளவுதான்.

குத்திகள் பலவற்றில் பெண்களுக்கு முழு உறுப்பினர் உரிமை இல்லை. சமையலும் பூசை ஏற்பாடும் அவர்கள் வேலை, தீர்மானம் ஆண்களுடையது. குலப்பிரிவு அடிப்படையில் அமைந்த பணிகள் சிலருக்குப் பெருமையையும் சிலருக்கு இழிவையும் தந்தன. ராணி போக்ரியின் படுகையை அமைத்த பெண்களைப் போன்றோருக்கு, வேலையில் உள்ள இடம் குழுவில் இருப்பதில்லை. உலகப் பாரம்பரிய உடன்படிக்கையின் செயல்முறை நெறிகள் 2019இல் திருத்தப்பட்டன. தொல்குடிகள் வாழும் இடத்தைப் பட்டியலுக்குப் பரிந்துரைக்கும் முன், அவர்களுக்கு முழு விவரமும் சொல்லி, வற்புறுத்தல் இன்றி, முன்கூட்டியே இசைவு பெறவேண்டும் என்று அவை கேட்கின்றன. ஏற்கெனவே பட்டியலில் உள்ள இடங்களில் நடக்கும் இடப்பெயர்ப்புக்கு இந்த இசைவு விதி நேரடியாகக் கைகொடுப்பதில்லை. இசைவு கேட்கும்போது யாரிடம் கேட்பது என்பதும் தனிச் சிக்கல். ஊர்த்தலைவர் தரும் கையெழுத்து, குத்தகைதாரரையும் வாடகைக்காரரையும் பெண்களையும் பரம்பரைப் பணியாளரையும் உள்ளடக்குமா என்பதை அந்தந்த நாட்டின் நிலச்சட்டமும் உள்ளாட்சிச் சட்டமும்தான் இன்று தீர்மானிக்கின்றன.